ராத்திரி எங்கே நின்றது?

ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு என் பட்டறைக்கு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, வண்டி ராத்திரி எங்கே நின்றது என்பது. பலருக்கு அது சம்பந்தமில்லாத கேள்வியாகத் தோன்றுகிறது; பெட்ரோல் இருக்கிறதா, பிளக்கை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பேன் என எதிர்பார்த்து வந்தவர்கள் சற்றே திகைத்து நிற்பார்கள். நாவலூரில் நாற்பது வருஷங்களாக இந்தத் தொழிலைச் செய்து, கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அப்பாலிருந்து வீசும் கடற்காற்றும், தெற்கே கேளம்பாக்கத்து உப்பளங்களும், ஐப்பசி கார்த்திகை மாதங்களின் மழையும் இரும்பையும் செம்பையும் என்ன பாடுபடுத்துகின்றன என்பதைக் கண்ணால் கண்டவன் என்கிற முறையில், வண்டியின் கோளாற்றில் பெரும்பகுதி அது நின்ற இடத்திலிருந்தே வருகிறது என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

தொழிலை நான் கற்றது சைதாப்பேட்டையில், ஒரு மேஸ்திரியிடம். அந்நாளில் பட்டறைக்கு வந்தவை பெரும்பாலும் பஜாஜ் 150, சேத்தக், லாம்பி, லக்னோவில் அரசாங்க நிறுவனம் செய்த விஜய் சூப்பர் ஆகியவை. எல்லாம் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்டவை, பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டியவை, உதைத்துக் கிளப்ப வேண்டியவை. மேஸ்திரி பள்ளிக்கூடம் அதிகம் போனவரல்லர்; ஆயினும் அவருடைய விசாரணையில் ஒரு கிரமம் இருந்தது. பிளக்கைக் கழற்று, நுனியைப் பார், நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா சொல் என்பார். அதற்கு விடை சொல்லும்வரை வேறு எந்த நட்டின்மீதும் ஸ்பேனரை வைக்க விடமாட்டார். காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வந்து சேரவில்லை என்று பொருள். டேப், குழாய், மிதவையின் ஊசி, ஜெட்டு என்று அது வரும் வழியைப் பின்தொடர்ந்து போக வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்துவிட்டது, கரன்ட் வரவில்லை; பிளக்கை இன்ஜின் தலைமேல் சாய்த்து வைத்து உதைத்துப் பார்க்கையில் பொறி நீலமாகச் சுளீரென்று பாயாமல் சிவந்து மங்கினால் பாயிண்டையும் கன்டென்சரையும் சந்தேகிக்க வேண்டும். பிளக்கும் நனைந்து, பொறியும் நன்றாகப் பாய்ந்து, அப்போதும் இன்ஜின் பிடிக்கவில்லையானால்தான் கம்ப்ரஷன், சைலன்சரில் கரி அடைப்பு, கிராங்க் ஆயில் சீல் ஆகிய பெரிய காரியங்களைப் பற்றி யோசிக்கலாம். ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் அந்தச் சிறிய பரீட்சையினால் வண்டியில் பாதி, சந்தேகத்திலிருந்து விலகிவிடுகிறது. இன்றைக்கும் பல இடங்களில் இதைச் செய்யாமல், கார்புரேட்டரைக் கழற்றிப் பரப்பிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வருந்துகிறது. கழற்ற வேண்டாததைக் கழற்றினால், இல்லாத ஒரு கோளாறு புதிதாக உண்டாகிறது.

அக்காலத்தில் சேத்தக் வைத்திருந்தவர்கள் காலையில் வண்டியை இன்ஜின் பக்கமாகச் சாய்த்துச் சற்று நிறுத்திவிட்டுப் பிறகு உதைப்பார்கள். இதைப் பார்த்த வெளியூர்க் குழந்தைகள்கூட விளையாட்டில் அப்படியே செய்து காட்டும். அது வெறும் நம்பிக்கை அல்ல. சாய்க்கும்போது மிதவை அறையிலுள்ள பெட்ரோல் மட்டம் மேலேறி, இன்ஜினுக்குள் போகும் வழியில் சிறிது வழிந்து, இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த இன்ஜின் பிடித்துக்கொள்வதற்கு வேண்டிய செழுமையான கலவையைத் தருகிறது. ஆனால் ஒருமுறை சாய்த்துப் பலன் கிடைக்காதவர் மறுபடியும் மறுபடியும் சாய்த்து, சோக்கையும் இழுத்துவைத்து உதைத்துக்கொண்டே இருப்பாரானால், உள்ளே பெட்ரோல் தேங்கி ‘ஓவர்ஃப்ளோ’ ஆகிவிடும். அதன்பின் எத்தனை உதைத்தாலும் பிரயோஜனமில்லை. டேப்பை மூடி, சோக்கைத் தள்ளி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்தபடி சில உதைகள் கொடுத்து உள்ளிருக்கும் பெட்ரோலை வெளியேற்றினால்தான் வழி.

சேத்தக் 1972-இல் வந்தது. உற்பத்திக்கு அரசாங்க அனுமதி வரம்பு கட்டியிருந்த அந்தக் காலத்தில், பணத்தைக் கட்டிப் பதிவு செய்துவிட்டு வண்டிக்காகப் பல வருஷங்கள் காத்திருந்தவர்களை நான் அறிவேன். அவ்வளவு காத்திருந்து பெற்ற வண்டியின் குணம் அவர்களுக்கு மனப்பாடம். டிக்கியில் ஒரு பழைய பிளக்கும், பிளக் ஸ்பேனரும், ஒரு துண்டு உப்புத்தாளும் எப்போதும் இருக்கும். “சூடாக இருக்கும்போது நிறுத்தினால் திரும்பப் பிடிப்பதில்லை, அரைமணி ஆறவிட்டால் பிடித்துக்கொள்கிறது” என்று திருப்போரூரிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்திலேயே கன்டென்சர்தான் குற்றவாளி என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் சூட்டில் பழுதாகி ஆறியதும் தேறுவது அதன் லட்சணம். வண்டிக்காரர் கொடுக்கும் சாட்சியம் எந்த மீட்டரையும்விடப் பெரியது. இந்தத் தொழிலில் நான் கண்ட மாறுதல்களுள் என்னை அதிகம் பாதித்தது, இந்தச் சாட்சியம் வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வந்ததுதான்.

1980-களின் நடுவில் நாவலூருக்கு வந்து, பழைய மகாபலிபுரம் சாலையோரமாக ஓர் ஓலைக்கொட்டகையில் பட்டறை போட்டபோது, சாலையில் பேருந்து வராத நேரத்தில் ஏரியில் நாரை கத்துவது காதில் விழும். ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் ஆசிரியர்கள், காண்ட்ராக்டர்கள், உப்பளத்துக் கணக்கர்கள் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களுள் உப்பளத்தில் மேற்பார்வை பார்த்த ஒருவரின் சேத்தக், பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரே உதையில் பிடித்துக்கொள்ளும். விடியற்காலையில் மட்டும் பிடிவாதமாக நிற்கும். பட்டணத்தில் ஒரு பட்டறையில் பிளக், பாயிண்ட், காயில் எல்லாவற்றையும் மாற்றி, பணமும் வாங்கிக்கொண்டு, வண்டியில் குறையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பார்த்தது பகலில். கோளாறு இருப்பது விடியற்காலையில் என்றால் விடியற்காலையில் போய்ப் பார்ப்பதே நியாயம் என்று, பொழுது புலர்வதற்குமுன் அவர் வீட்டுக்குப் போய், விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, அவரையே உதைக்கச் சொன்னேன். பிளக் மூடியின் வெளிப்புறத்திலும் ஒயரின்மேலும் மெல்லிய நீல ஒளி ஊர்ந்து போவது இருட்டில் நன்றாகத் தெரிந்தது. பிளக்கின் நுனிக்குப் போக வேண்டிய கரன்ட், மேற்பரப்பின் வழியாகவே இரும்புக்கு ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் உப்பு. காற்றில் வந்து படியும் உப்பு, பகலில் உலர்ந்து கிடக்கையில் ஒன்றும் செய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே நீரை இழுத்துக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஈரப்படலமாகிவிடுகிறது. உப்புநீர் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும். இந்தக் கரையில் விடியற்காலை ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டாத நாள் அபூர்வம். உலர்ந்த துணியால் மூடியையும் ஒயரையும் துடைத்துவிட்டு உதைத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. பிறகு மூடியை மாற்றி, வண்டியை உப்பளத்தைப் பார்த்த திண்ணைப் பக்கமிருந்து வீட்டின் பின்பக்கத்துக்கு மாற்றி நிறுத்தச் சொன்னேன். பிளாஸ்டிக் தாளால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும் என்பதனால் பழைய பருத்தி வேட்டியால் மூடச் சொன்னேன். அன்றுமுதல் இந்த ஊரில் இருட்டும் எனக்கு ஓர் உபகரணம். ஸ்பேனர் பெட்டியைத் திறப்பதற்குமுன் வண்டியை இருட்டான மூலைக்குக் கொண்டுபோய் உதைத்துப் பார்ப்பதை என்னிடம் வேலை கற்ற எல்லாப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

உப்பின் இன்னொரு ரூபத்தைக் காட்டியவர்கள் கோவளத்து மீன் வியாபாரிகள். ஓசூரில் 1980-இல் டி.வி.எஸ். 50 தயாரிக்கத் தொடங்கிய பிறகு, சைக்கிளில் மீன் கொண்டுபோனவர்கள் ஒவ்வொருவராக அதற்கு மாறினார்கள். ஏலத்தில் எடுத்த மீனை ஐஸோடு பெட்டியில் போட்டுப் பின்னால் கட்டினால், கேளம்பாக்கம், தையூர், படூர் என்று தெருத்தெருவாகப் போகும் வழியெல்லாம் உப்புநீர் சொட்டிக்கொண்டே வரும். அது சொட்டுவது நேராக ஒயர்களின் முடிச்சின்மேல். “இன்னாண்ணே இது, மிதிச்சு மிதிச்சுக் காலு போச்சு, பொட்டியில ஐசு வேற கரையுது” என்று வியர்த்து வந்து நிற்பவரை, வண்டியைப் பிறகு பார்க்கலாம் என்று திருப்பியனுப்ப முடியாது. பத்து மணிக்குள் விற்காத மீன் பாதி விலைக்குப் போய்விடும். இன்ஜினை நிறுத்துவதற்கென்று இருக்கும் ‘ஆஃப்’ ஒயர் உப்புநீரில் ஊறி எப்போதும் நிறுத்திய நிலையிலேயே இருந்துவிடுவதுதான் பெரும்பாலும் விஷயம். அந்த ஒயரைக் கழற்றித் தனியே விட்டுவிட்டு ஒரு மிதி. பிடித்துக்கொண்டால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும், வியாபாரத்தை முடித்துவிட்டு மத்தியானம் வரச் சொல்லலாம். மத்தியானம் அவர்கள் வந்ததும், முடிச்சுகளைப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தி, கிரீஸ் தடவி, ஒயரையே சீட்டுக்கு அடியில் மேலேற்றிக் கட்டிவிடுவேன். பெட்டிக்குக் கீழே ஒரு தகரத்தட்டு வைத்து நீரைப் பின்பக்கமாக வடியவிடும் ஏற்பாட்டை அவர்களில் ஒருவரே கண்டுபிடித்தார். நான் அதை மற்றவர்களுக்குச் சொன்னேன்.

பட்டனை அழுத்தினால் கிளம்பும் கைனடிக் ஹோண்டா 1980-களின் நடுவிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கம் அதிகம் தென்படவில்லை. பிறகு ஸ்கூட்டி வந்தது. 2001-இல் ஆக்டிவா வந்தது. உதைக்கும் பலம் வேண்டாம், கியர் வேண்டாம் என்றானதும், அதுவரை பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து போன பெண்கள் தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். அதைப்போல நான் மனமார வரவேற்ற மாறுதல் இந்தத் தொழிலில் வேறில்லை. ஆனால் வண்டியின் சூட்சுமம் தெரியாதவர்கள் என்று எண்ணி அவர்களிடம் தேவையில்லாத வேலையைச் செய்து பணம் பறித்த பட்டறைகளும் உண்டு. செல்ஃப் வேலை செய்யவில்லை என்று வந்த எத்தனையோ வண்டிகளில் பேட்டரியும் சரியாக இருந்தது, மோட்டாரும் சரியாக இருந்தது; பிரேக் பிடியின் அடியிலிருக்கும் ஒரு சிறிய சுவிட்சு உப்புக்காற்றில் களிம்பேறி இருந்தது. இவ்வண்டிகளில் பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும்; பிரேக்கைப் பிடித்திருப்பதை வண்டிக்குத் தெரிவிப்பது அந்தச் சுவிட்சு. பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே பிரேக்கைப் பிடித்தால் போதும். விளக்கு எரியாவிட்டால் சுவிட்சைத் துடைக்க வேண்டும். இந்தப் பரீட்சையை வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததனால் எனக்கு வருமானம் குறைந்திருக்கலாம். கழற்றிய பொருள் எதுவானாலும் அதை உடையவர் கையில் கொடுத்துக் காட்டுவது என்ற வழக்கத்தையும் அந்தக் காலத்தில்தான் ஏற்படுத்திக்கொண்டேன்.

சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழும்பி, சாலை அகலமாகி, ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் பெற்ற அந்தச் சில வருஷங்களில் கோளாறுகளுக்கு முக்கியக் காரணம் தூசி என்றாகிவிட்டது. இரவும் பகலும் மண் லாரிகள். ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டு, மூச்சுக் குறைந்த இன்ஜின் பெட்ரோலை மட்டும் அதிகமாகக் குடித்து, பிளக்கைக் கரியாக்கிவிட்டு நிற்கும். மாமல்லபுரத்தில் சிற்பக்கூடத்து வாசலில் நிறுத்தும் வண்டிகளுக்கு இது முன்பே இருந்த உபத்திரவம். கருங்கல்லை இயந்திரத்தால் அறுக்கும்போது பறக்கும் மாவு எந்த ஃபில்டரையும் அடைத்துவிடும். அங்கிருந்து வருகிறவர்களுக்கு, புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் கணக்கில் பாதியிலேயே ஃபில்டரை மாற்றிவிடுங்கள் என்பது என் யோசனை.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்து போனதன் பின், வீடும் படகும் இழந்தவர்கள் வண்டியைப் பற்றி நினைக்கவே பல நாட்களாயின. அதற்குள் கடல்நீர் உலர்ந்துவிட்டிருந்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் போய்விட்டாலும் உப்பு முழுவதும் அப்படியே தங்கி, மேக்னெட் காயிலின் செம்புக் கம்பிகளையும் அலுமினியக் கூட்டையும் அரித்துக்கொண்டிருந்தது. உலர்ந்துவிட்டதே, இனி பயமில்லை என்று எண்ணினவர்களின் வண்டிகள்தான் அதிகம் போயின. கடல்நீரில் மூழ்கிய வண்டியை உலர விடக்கூடாது. உடனே நல்ல தண்ணீரை ஏராளமாக ஊற்றிக் கழுவி, அதன் பிறகே உலர்த்த வேண்டும். அந்த மாதங்களில் மீனவர்களிடம் கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை, சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் சாமான் வாங்கிய கிரயத்தை மட்டும் பெற்றுக்கொண்டேன்.

2015 டிசம்பர் வெள்ளம் வேறுவிதமானது. அது நல்ல தண்ணீர். ஆனால் வண்டிகள் நான்கு ஸ்ட்ரோக்காக மாறியிருந்தன, எண்ணிக்கையும் பல மடங்காகியிருந்தது, செம்மஞ்சேரி முதலிய தாழ்ந்த பகுதிகளிலும் அடுக்குமாடிகளின் அடித்தளத்திலும் அவை ஹாண்டில்வரை மூழ்கிக் கிடந்தன. நீர் வடிந்ததும் எல்லாரும் ஆவலோடு செய்த முதல் காரியம் பட்டனை அழுத்திப் பார்த்தது. அதைப்போல ஆபத்தான காரியம் இல்லை. காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கையில் பிஸ்டனை மேலே தள்ளினால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும், சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது பல ஆயிரமாகிவிடும். “மூழ்கின வண்டியை யாரும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, அப்படியே தள்ளிட்டு வாங்க” என்று ஒரு பலகையில் எழுதிச் சாலையில் வைத்தேன். பையன்களைத் தெருத்தெருவாக அனுப்பிச் சொல்லவும் செய்தேன். வந்தவற்றுக்கெல்லாம் ஒரே கிரமந்தான்: பேட்டரியைக் கழற்றுவது, பிளக்கைக் கழற்றி மெதுவாகக் கிக்கரை அமுக்கி நீரை வெளியேற்றுவது, ஃபில்டரைத் தூர எறிவது, டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவது, ஆயிலைத் திறந்து பார்ப்பது. ஆயில் பால் விட்ட காபியின் நிறத்தில் வரும். புதிய ஆயில் ஊற்றிச் சிறிது ஓடவிட்டு அதையும் வடித்து, மறுபடியும் ஊற்ற வேண்டும். முதல் ஆயிலோடு நிறுத்திக்கொண்டால் மிச்சமிருந்த நீர் பேரிங்குகளைத் தின்றுவிடும். பெல்ட்டுப் பெட்டியைத் திறந்து உலர்த்தாமல் விட்டால், இன்ஜின் ஓடும், சக்கரம் நகராது. அந்த டிசம்பரில் பட்டறை விளக்கு இரவில் அணையவே இல்லை.

கொரோனாவுக்காக 2020 மார்ச் இறுதியில் எல்லாம் மூடப்பட்டபோது, வண்டிகள் ஓடாமல் நின்றே கெட்டுப்போயின. கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் சொந்த ஊருக்குப் போய்விட்டுப் பல மாதங்கள் கழித்துத் திரும்பி வந்து சாவியைப் போட்டால், ஒரு விளக்குகூட எரியவில்லை. நின்ற பேட்டரி தானாகவே இறங்கும். இறங்கிய நிலையில் நெடுநாள் கிடந்தால் அதன் தகடுகள் கெட்டிப்பட்டு, சார்ஜ் ஏற்றினாலும் பிடித்து வைக்காது. மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறதே என்று நம்பிவிடக்கூடாது. செல்ஃபை அழுத்தும்போது அது 8-க்கு விழுமானால் அந்தப் பேட்டரி முடிந்துவிட்டது. கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசினாய்ப் படிந்து, மயிர்க்கால் அளவேயான பைலட் ஜெட்டின் துளையை அடைத்திருந்தது. அடித்தளத்தில் நின்ற வண்டிகளில் எலிகள் ஒயரைக் கடித்திருந்தன. உணவு விடுதிகள் மூடிக்கிடந்ததனால் எலிகளுக்கு வேறு ஆகாரம் இல்லை என்று நான் நினைக்கிறேன். நெடுநாள் ஊருக்குப் போகிறவர்கள் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வண்டியானால் அதை வடித்துவிட்டுப் போவது உசிதம்.

அந்த 2020 ஏப்ரல் முதல், புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி அமலுக்கு வந்து, புதிய ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. என் வயதுக்காரர் பலர் இத்துடன் தொழில் முடிந்தது என்று ஸ்பேனரைக் கீழே வைத்தார்கள். நான் அப்படி எண்ணவில்லை. இன்ஜினுக்கு வேண்டியது இன்னமும் பெட்ரோல், பொறி, காற்று, அமுக்கம் ஆகிய நான்குதான். சாவியைத் திருப்பியதும் டாங்கிலிருக்கும் பம்பு இரண்டு விநாடி ‘உய்’யென்று ஓடும்; காதைக் கொடுத்தால் கேட்கும். கேட்கவில்லையானால் ஃப்யூஸையும் பம்பின் ஒயரையும் முதலில் பார்க்கலாம், ஸ்கேனர் பிறகு வரட்டும். பழைய வண்டியில் பேட்டரி இறங்கினாலும் உதைத்து ஓட்டிவிடலாம். பேட்டரி அடியோடு செத்துவிட்டால் இந்த வண்டிகளில் பல, உதைத்தாலும் எழுந்திருப்பதில்லை, சிலவற்றில் உதைக்கக் கிக்கரே இல்லை. சைடு ஸ்டாண்டு போட்டிருந்தாலும் ஸ்டார்ட் ஆகாத வண்டிகள் வந்துவிட்டன. அந்த ஸ்டாண்டின் சுவிட்சும் தரைக்கு அருகில் சேற்றிலும் உப்பிலும் கிடப்பது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எத்தனால் நீரை இழுக்கும் சுபாவம் உடையது. டாங்கின் மூடி வழியாக மழைநீர் புகுந்து அளவுக்கு மிஞ்சினால், நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மழைக்காலத்தில் திறந்தவெளியில் நின்ற வண்டியானால் ஒரு கண்ணாடிப் புட்டியில் பெட்ரோலைப் பிடித்துச் சற்று வைத்துப் பார்க்கிறேன். அடியில் கோடு விழுந்தால் டாங்கை வடிக்கிறேன்.

இப்போது மின் ஸ்கூட்டர்களும் வருகின்றன. சேத்தக் என்ற பெயரே 2020-இல் மின்வண்டியாகத் திரும்பி வந்திருக்கிறது. பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைந்திருந்தும் வண்டி உயிர்பெறவில்லை என்று வருகிறவர்களிடமும், ராத்திரி எங்கே நின்றது என்ற அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். சில வகைகளில் விளக்குக்கும் கம்ப்யூட்டருக்குமென்று தனியே ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது இறங்கினால் பெரிய பேட்டரியைத் திறந்துவிட ஆளில்லை. கடற்கரைப் பக்கம் மொட்டை வெளியில் சார்ஜ் போடுகிறவர்களின் வண்டியில் சாக்கெட்டின் முனைகள் பச்சை பூத்திருக்கும். இவை இரண்டையும் நான் பார்க்கிறேன். முத்திரையிட்ட பெரிய பேட்டரிப் பெட்டியை மட்டும் திறப்பதில்லை, அதற்குள் இருக்கும் மின்சாரம் விளையாட்டல்ல. என்னிடம் இருக்கும் பையன்களில் ஒருவனை மின்வாகன மெக்கானிக் படிப்புக்கு ஐ.டி.ஐ.யில் சேரச் சொல்லியிருக்கிறேன். அவன் படித்து வரும்வரை அப்படிப்பட்ட வண்டிகளை முனைகளைத் துடைத்து, 12 வோல்ட்டை அளந்து, அதற்கும் கிளம்பாவிட்டால் விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பிவிடுகிறேன்.